அப்பாவின் வாக்கு

அரிசோனாவின் அக்டோபர் வெயில் வலைக்கதவு வழியே கட்டம் கட்டமாகச் சாப்பாட்டு மேசையில் விழுகிறது. அங்கே யுசேபியோ தபால் வாக்குச்சீட்டை விரித்து வைத்திருக்கிறார். மூக்குக்குழாய்க்கு ஆக்சிஜன் அனுப்பும் இயந்திரம் காலடியில் உறுமுகிறது. முப்பத்தோரு வருடம் நிலக்கரி மின்நிலையத்தில் உழைத்த நெஞ்சு. மாநிலத்தின் மின்சாரத்தில் பாதியை வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுக்கலாமா என்று சீட்டு கேட்கிறது. எதிரே அவருடைய மகள் கிரேசியெலா. ‘ஆம் என்று போடுங்கள்’ என்ற மஞ்சள் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. காலையிலிருந்து நாற்பது வீடுகளில் பேசிவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தவள். அவர் பேனா ‘இல்லை’க்கு எதிரே உள்ள வட்டத்தை நிதானமாகக் கறுப்பாக்குகிறது. “அந்தப் புகைதானேப்பா உங்கள இப்படி ஆக்குச்சு?” “அந்தப் புகையிலதான்டி நீ காலேஜ் படிச்ச.” மின்நிறுவனம் அனுப்பிய வழவழப்பான தாளை அவள் பக்கம் தள்ளுகிறார். “பில்லு ரெண்டு மடங்காகுமாம். இந்த மெஷின உன் சட்டைய வச்சா ஓட்டுவேன்?” “பொய்ப்பா அது. பயமுறுத்துறாங்க.” “பயமாத்தாம்மா இருக்கு.” அவர் சீட்டை மடித்து உறையிலிட்டு ஒட்டுகிறார். உறையின் மேல் கையெழுத்துப் போடப் பேனாவை வைத்ததும் உறை நழுவுகிறது. “கொஞ்சம் புடிச்சுக்கோ.” அவள் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். கையெழுத்து கோணாமல் விழுகிறது. வெளியே வந்து உறையை வாசல் தபால்பெட்டிக்குள் வைக்கிறாள். தபால்காரர் கண்ணில் படும்படி பெட்டியின் சிவப்புக் கொடியை நிமிர்த்துகிறாள். அது சாயாமல் நிற்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டு மணியை அழுத்துகிறாள்.