மாப்பிள்ளைக் கோழி

"இதோட கறி எப்படி இருக்கும், தம்பி?"

கொரியக் கிராமத்துச் சந்தையில் ஒக்பூன் இப்படிக் கேட்டதும் கோழிக்காரர் தொக்பே தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். வண்டியிலிருந்து கூண்டு கூண்டாக இறக்கிக் காட்டி அவருக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது.

"அம்மா, முட்டைக்குத்தானே கோழி வேணும்னீங்க? இது வெள்ளை லெகார்ன். தின்னுறது கொஞ்சம், போடுறது நிறைய. கறின்னு கேட்டீங்கன்னா, இறகைப் பிடுங்கின பிறகு உள்ள கோழி இருக்கான்னு தேடணும்."

"அப்போ வேண்டாம்."

பக்கத்துக் கடையில் நெத்திலிக் கருவாடு விலை கேட்பதுபோல் நின்றிருந்த குவிரே மெல்ல நகர்ந்து வந்தாள். ஒக்பூனுக்கு அடுத்த வீட்டுக்காரி. கருவாடு அவளுக்குத் தேவையில்லை. யார் வீட்டுக்கு எது போகிறது, எது வருகிறது என்று தெரிந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். ஊரில் தனக்குத் தெரியாத சேதி கிடையாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"என்னக்கா, கூடு மறுபடியும் காலியா?"

"ம்."

"அந்தச் செவப்பியுமா போச்சு? நல்லா முட்டை போட்டுட்டு இருந்துச்சே! கொக்கரிக்கிறது எங்க வீடு வரைக்கும் கேக்குமே!"

"மாப்பிள்ளை வந்திருந்தாரு."

அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மாப்பிள்ளை வந்து வாசலில் ஷூவைக் கழற்றினால், முட்டையிடும் கோழியையே பிடித்து அறுத்து, பூண்டும் பசையரிசியும் போட்டு முழுசாக வேகவைத்து முன்னால் வைப்பாள் மாமியார். கடைக்கறியை வைத்தால், 'நீ இந்த வீட்டு ஆள் இல்லை' என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. எல்லாம் சரிதான். ஆனால் இது பண்டிகைக்குப் பண்டிகை தலைகாட்டும் மாப்பிள்ளைகளுக்காக ஏற்பட்ட வழக்கம். ஒக்பூனின் மாப்பிள்ளை ஹான், மாதம் தவறாமல் சியோலிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறார்.

"முட்டையை வித்துத்தானே முட்டிவலிக்கு மாத்திரை வாங்குறீங்க? அந்த முட்டி வலிக்க வலிக்கக் கோழியை விரட்டிப் பிடிச்சு அவருக்கு ஆக்கிப் போடுறீங்க. வயித்துல என்ன, கிணறா வெட்டி வச்சிருக்காரு?"

"கூரை ஒழுகுச்சு. மேல ஏறி ஓடு மாத்திக் குடுத்தாரு."

"ஓடு மாத்துற ஆளைக் கூப்பிட்டிருந்தா ரெண்டு கிண்ணம் அரிசிக்கள்ளோட முடிஞ்சிருக்கும்."

"தாய் தகப்பன் இல்லாதவரு, குவிரே. வேற எங்க போவாரு?"

"அதுக்கு உங்க கோழிங்கதான் கிடைச்சுதா?"

ஒக்பூன் கூண்டின்மேல் கையை ஊன்றி, ஒரு காலின் பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டாள். செவப்பியைப் பிடித்த அன்றைய களைப்பே இன்னும் தீரவில்லை என்று அவள் முகம் சொன்னது.

தொக்பே இன்னொரு கூண்டைத் தூக்கி வைத்தார். "இதைப் பாருங்கம்மா. நீல முட்டைக் கோழி. டவுன்காரங்க அந்த முட்டைக்கு அடிச்சுக்கிறாங்க."

ஒக்பூன் உள்ளே கையை விட்டு, நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தாள். "கத்தி மாதிரி இருக்கு. வேண்டாம். அந்த மூலையில இருக்கே, தடிச்சது?"

"அது நாட்டுக்கோழி. கறி நல்லா இருக்கும். ஆனா கொஞ்ச நாள் முட்டை போட்டுட்டு அடைக்கு உக்காந்துரும். எழுப்பினா கொத்தும். முட்டையை நம்பி இதை வாங்கிட்டு அப்புறம் என்னைத்தான் ஏசுவீங்க."

"ஏசலை. அதுலயே மூணு குடு."

குவிரேவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பேசாம லெகார்னை வாங்குங்க. அடுத்த தடவை வெறும் எலும்பு மிதக்கட்டும். அவரே வர்றதைக் குறைச்சுக்குவாரு."

ஒக்பூன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொக்பேயிடம், "கால்ல கயித்தை இறுக்காம கட்டுப்பா" என்றாள். அவர் கயிறு தேடி வண்டிக்குப் பின்னால் போனார்.

குவிரே விடுவதாக இல்லை. "பொண்ணாவது கூட வர்றாளா? யூன்ஹே முகத்தைப் பாத்தே எவ்வளவு நாளாச்சு! கேட்டா, 'ஆஸ்பத்திரியில டியூட்டி, லீவு கிடைக்கலை'ன்னு அவரே முந்திக்கிட்டுச் சொல்றாரு. நர்ஸ் வேலைன்னா பெத்தவளை மறந்துரணுமா? நீங்க சொல்லமாட்டீங்க, நான் சொல்றேன். 'அடியே, உன் புருஷனைக் கொஞ்சம் அங்கயே பிடிச்சு வை, உங்கம்மா கூட்டுல இறகுகூட மிச்சமில்லை'ன்னு."

சொன்னதோடு நிற்காமல் போனையும் வெளியே எடுத்துவிட்டாள். ஒக்பூன் அந்தப் போனைத் தன் கையால் மெல்ல மூடினாள்.

"அவகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, குவிரே? அவ அவரை விட்டுட்டு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு ரெண்டு வருஷமாச்சு. அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் அந்தப் புள்ள இன்னும் வந்துக்கிட்டிருக்கு. ஒரே ஒரு தடவை நான் கோழி அறுக்காம விட்டேன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு புரிஞ்சுக்கிட்டு, அதோட வராம நின்னுடும்."