ஆள்காட்டி விரல்

தீர்ந்துபோன பிரிண்டர் கார்ட்ரிட்ஜை இடது கையில் பிடித்து, ஊசியால் மை ஏற்றிக் கொடுப்பதுதான் பதினெட்டு வருடமாகத் தனக்கோடிக்குப் பிழைப்பு. புதிது வாங்கக் கட்டுப்படியாகாத ஊரே அவரிடம்தான் வரும். கசிந்த மையில் அவருடைய இடது ஆள்காட்டி விரல் நகக்கண் வரை கறுத்துக் கிடக்கும். எந்தச் சோப்புக்கும் மசியாது.

வாக்குச்சாவடியில் ஒன்றரை மணி நேரம் கால்கடுக்க நின்று உள்ளே போனால், பட்டியலைப் பார்த்த அதிகாரி, "உங்க ஓட்டு காலையிலயே பதிவாயிடுச்சே" என்றார்.

"நான் இப்பத்தான் சார் வர்றேன். எவனோ என் பேர்ல போட்டுட்டுப் போயிருக்கான்."

"அப்படியா? விரலைக் காட்டுங்க."

நியாயம் தன் பக்கம் என்ற ஆத்திரத்தில் நீட்டிய பிறகுதான் தனக்கோடியே அந்த விரலைப் பார்த்தார். வரிசை மொத்தமும் சிரித்தது. "இது ரீஃபில் மை சார்" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. போலீஸ்காரர் தோளைத் தொட்டு வாசலைக் காட்டினார்.

பெண்கள் வரிசையில் முன்பே முடித்துவிட்ட மனைவியும், முதல் ஓட்டுப் போட்ட மகளும் வெளியே செல்போனோடு நின்றார்கள். "விரலை நீட்டுங்கப்பா, போட்டோ எடுக்கணும்." மூன்று விரல்களும் ஒன்றுசேர்ந்தன. மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான்ப்பா மை நல்லாப் பிடிச்சிருக்கு."