ஏரிக்கரையில் விக்கிய கார்

காலை ஒன்பதரை மணிக்கு ஏரிக்கரை மேல் தன்னுடைய பழைய வெள்ளைக் கார் விக்கி விக்கிப் போவதை வெங்கடேசன் பார்த்தார். கீழ்ச் சாலையில் பைக்கை ஓரங்கட்டினார். கார் இரண்டு முறை எகிறி, ஒரு முறை உதறி, அப்படியே நின்றுவிட்டது.

"இந்த மெக்கானிக் சாமுவேலு ரெண்டு வாரமா இன்னாத்ததான் பாக்குறான்?" என்று முனகியபடி மனைவி கீதாவுக்குப் போன் போட்டார்.

"வண்டி இன்னும் மிஸ்ஸிங் அடிக்குது கீதா. கரை மேல நின்னே பூடுச்சு."

"அப்டியா?" என்றாள் கீதா. "சாமுவேல் அண்ணன் பாத்துக்குவாரு. நீங்க மில்லுக்குப் போங்க, நேரமாவுது."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டு பைக்கை உதைத்தபோது, கரை மேலிருந்த காரும் ஒரு குதி குதித்து நகர்ந்தது. பாவம், அந்த எஞ்சினுக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொண்டே போனார்.

மிஸ்ஸிங்கை முதலில் கண்டுபிடித்தது கீதாதான். மகள் பூஜா தலைப்பிரசவத்துக்கு உத்திரமேரூருக்கு வந்து இறங்கிய வாரம் அது. "நீங்க மில்லுல கீற நேரத்துல வலி எடுத்தா இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

"போன் பண்ணு. முக்கா மணி நேரத்துல வந்து நிப்பேன்."

"முக்கா மணி நேரம் கொழந்த காத்துக்கினு இருக்குமா?"

மறுநாளே கீதா, கார் ஓடும்போது எஞ்சின் விட்டு விட்டு உதறுவதாகச் சொன்னாள். அவர் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி நடுவழியில் நின்றால் யார் பதில் சொல்வது? சாமுவேலின் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார்.

கரை மேல் காரைப் பார்த்த அன்று சாயந்திரம் மில்லிலிருந்து நேராக ஷெட்டுக்குத்தான் போனார். தகரக் கூரை தலையில் இடிக்காமல் இருக்க எப்போதும் குனிந்தே நடக்கிற சாமுவேல் எதிரே வந்தான்.

"காலைல நானே பாத்தேன்பா, கரை மேல."

சாமுவேலின் முகம் மாறிவிட்டது. "இன்னாண்ணா பாத்தீங்க?"

"வண்டியத்தான். தவள மாதிரி எகிறிக்கினு போவுது."

"அதத்தான் கேட்டேன்" என்று சாமுவேல் மூச்சு விட்டான். "இது வுட்டு வுட்டு வர்ற கோளாறுண்ணா. பிளக் மாத்திட்டேன், பிளக் ஒயர் மாத்திட்டேன், கார்ப்ரேட்டரக் கழட்டிக் கழுவிட்டேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது கோளாறுன்னு தெரியாது. ஒன்னு மாத்தணும், கரை மேல ஒரு ரவுண்டு ஓட்டணும். மறுநாள் அடுத்தது."

பேச்சு நியாயமாகத்தான் பட்டது. தானே ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று வெங்கடேசன் காரில் ஏறினார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன.

"சீட்ட ஏன்பா இம்மாந்தூரம் முன்னாடி தள்ளி வச்சிக்கீற?"

"அடியில துரு புடிச்சிருக்கான்னு பாத்தேண்ணா."

சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பினார். ஒரு விக்கல் இல்லை, உதறல் இல்லை. இறங்கும்போது அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

"பாத்தியா? இருவத்தஞ்சு வருசமா இந்த வண்டிக்கு என் கைதான் பழக்கம். வேற ஆளு ஓட்டினாதான் முரண்டு பண்ணுது."

ஷெட்டு வாசலில் பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள் சாமுவேலின் மனைவி சுகிர்தா. அந்த வேனுக்கு டிரைவரும் அவள்தான். "நீங்க சொல்றது வாஸ்தவம்தாண்ணா" என்றாள். "ஆனா முன்னைக்கு இப்ப எவ்ளோவோ தேவல. இன்னும் ஒரு வாரம் வுடுங்க."

சொன்னபடியே அடுத்த வெள்ளிக்கிழமை கார் வீடு வந்தது. மிஸ்ஸிங் சுத்தமாகப் போய்விட்டது என்று சாமுவேல் அடித்துச் சொன்னான். எது கோளாறு என்று கேட்டதற்கு மட்டும் தலையைச் சொறிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெங்கடேசன் மூன்றாவது இட்லியைப் பிட்டபோது பூஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

மில்லில் இருக்கும்போது வலி வராமல் லீவு நாளில் வந்ததே என்று அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கழுவாத கையோடு ஓடியவருக்குச் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. கீதா மகளைத் தாங்கிப் பிடித்துப் பின் சீட்டில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் முன்னால் ஏறி ஸ்டார்ட் செய்தார். பதற்றத்தில் கிளட்சைப் படக்கென்று விட்டார். கார் ஒரு எகிறு எகிறி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி ஒரு குதி, அதோடு சரி.

"போச்சு, மிஸ்ஸிங் போவவே இல்ல" என்றார். அழுகை வந்துவிடும்போல இருந்தது. "அந்தச் சாமுவேலு நம்மள ஏமாத்திட்டான். என் பொண்ண நான் எப்படிக் கொண்டுபோய்ச் சேப்பேன்?"

அவ்வளவு வலியிலும் பூஜா களுக்கென்று சிரித்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கீதா பின் கதவைத் திறந்து இறங்கினாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுற்றி வந்து, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்கும்போது சீட்ட முன்னாடி தள்ளிட்டு எறங்குங்க, எனக்குக் கால் எட்டாது."