மண் அடைத்த தோட்டா

துப்பாக்கி சுடும் கிளப்பில், சுட்டு முடித்த காலித் தோட்டாக்களைச் சோதிப்பது ஜெசிந்தாவின் வேலை. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுற்றிலும் வருடி, வாய்க்குள் எட்டிப் பார்ப்பாள். நல்லதெல்லாம் மறுபடி வெடிமருந்து நிரப்பப் போகும். விரிசல் கண்டதை அங்கேயே குறடால் நசுக்கிவிட வேண்டும்; தப்பித்தவறி நல்லதோடு கலந்துவிட்டால் சுடுகிறவர் கைக்கே ஆபத்து. அன்று ஒன்றில் மயிரிழை போல ஒரு விரிசல். வாயை ஈரமண் பூசியதுபோல ஏதோ அடைத்துக் காய்ந்திருந்தது. குலுக்கிப் பார்க்கக் காதருகே கொண்டுபோனாள். உள்ளே பிறாண்டும் சத்தம்.

“என்ன மேடம், அதையே பார்த்துக்கிட்டு? நசுக்கிப் போடுங்க,” என்றார் மருந்து நிரப்பும் தணிகாசலம்.

“உள்ள ஆள் இருக்கு சார். குளவி.”

அவரும் வாங்கிக் காதில் வைத்தார். வெகுநேரம் திருப்பித் தரவில்லை. பிறகு அவரே அதை ஜன்னல் விளிம்பில், வாய் அறைக்குள் பார்த்திருக்கும்படி படுக்கவைத்தார். மற்றதோடு கலந்துவிடக் கூடாதென்று ஜெசிந்தா அதற்கு ஒரு சிவப்பு நூல் கட்டினாள்.

நாலாம் நாள் காலையில் வந்து பார்த்தால், மண்மூடியின் நடுவில் கச்சிதமாக ஒரு வட்டத் துளை. குளவியைக் காணோம். குறடைக் கையில் எடுத்தவள், நசுக்காமல், தோட்டா பார்த்திருந்த திசையிலேயே நடந்தாள். குண்டாய்ப் பாய்ந்த குளவி எதிர்ச்சுவரில் எங்கே பட்டிருக்கிறது என்று விரலால் தடவித் தேடினாள்.