நிரஞ்சனாவின் தரையிறக்கம்

"மூக்கைத் தூக்காதே, நிரஞ்சனா! இன்னும் நேரம் இருக்கு லா!"

ஹெட்செட்டை இறுக்கிப் பிடித்தபடி கத்தினார் பயிற்சியாளர் அன்வர். திரையில் அந்த இறக்கையில்லாத விமானம் கல் மாதிரி கீழே வந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், விமானப் பயிற்சி தரும் சிமுலேட்டரில் கட்டுப்பாட்டு ஸ்டிக் வெடவெடவென்று நடுங்கியது.

"தரை மூஞ்சியில வந்து மோதுற மாதிரி இருக்குண்ணே..."

"அப்படித்தான் இருக்கும். இதுக்கு ரெக்கை கிடையாது, உடம்புதான் காத்தைத் தாங்குது. அவசரப்பட்டுத் தூக்கினா வேகம் செத்துடும். அந்தக் காலத்துல இப்படி ரெக்கையில்லாம இறக்கிக் காட்டினதாலதான், விண்கலத்தையே இன்ஜின் இல்லாம இறக்கத் துணிஞ்சாங்க. உன்னால முடியாதா?"

"முடியலைன்னா?"

அன்வர் கடிகாரத்தைப் பார்த்தார். சிங்கப்பூர் ஆங் மோ கியோவின் அந்த ஆறாவது மாடிப் பயிற்சிக் கூடத்தைக் காலி செய்ய ஆட்கள் கீழே வந்துவிட்டார்கள். எண்பது தடவை முயன்று எண்பது தடவையும் நேரத்துக்கு முன்னாலேயே மூக்கைத் தூக்கித் தொலைத்திருக்கிறாள், பாவி மகள்! ஒரு தடவையாவது ஒழுங்காக இறங்காவிட்டால் அவளுக்கு நிம்மதி கிடையாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"பொறு... பொறு... இப்ப தூக்கு!"

மூக்கு நிமிர்ந்தது. சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டு, உருண்டு, நின்றன.

"இறங்கிட்டேண்ணே!" அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல். "அப்ப நான் கிளம்பட்டுமா?"

"போயிட்டு வா மா," என்றார் அன்வர், கண்களைத் துடைத்துக்கொண்டு.

ஸ்டிக் அசைவற்று நின்றது.

"யார்கூட பேசுறீங்க?" வாசலில் டெக்னீஷியன் ரஷீதா வெளிறிப்போய் நின்றாள். "சீட் காலியா கிடக்கு. நிரஞ்சனா விமானத்தோட கடல்ல விழுந்து இறந்து மூணு மாசம் ஆச்சு!"

"எனக்குத் தெரியாதா? மூணு மாசமா தினமும் வந்தா. இன்னிக்குத்தான் ஒழுங்கா இறங்கினா. இனிமே வரமாட்டா ரஷீதா. வழியனுப்பிட்டேன்."

"என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"போயிட்டு..." என்று தொடங்கியவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். வீட்டு வாசலிலும் சரி, வேலையிடத்திலும் சரி, யாரையும் 'போ' என்று சொல்லி அனுப்பி அவருக்குப் பழக்கமே இல்லை.

ரஷீதா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். விளக்குகள் அணைந்தன. திரை இருண்டது.

ஹெட்செட்டில் குரல் மட்டும் குதூகலமாகக் கேட்டது:

"அண்ணே, போயிட்டு வந்துட்டேன்!"