ஐம்பதைத் தாண்டாத முள்

“முள் ஏறவே மாட்டேங்குதுய்யா! ஐம்பதைத் தொடறதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்குது!”

ஜீப் நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கினார் டிராபிக் இன்ஸ்பெக்டர். அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்துவிட்ட ஜீப் அது. கதவில் துரு, கூரையில் ஒட்டு. நான்கு டயர்கள் மட்டும் மாப்பிள்ளை மிடுக்கோடு புதுசாக மின்னின.

மீட்டர்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டிகளின் வேக மீட்டர் ரிப்பேரில் அவரை விட்டால் ஆளில்லை என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான். ஆனாலும் இந்த இன்ஸ்பெக்டர் தன் கடை வாசலுக்கே வருவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

போன மாதம் இதே ஜீப்தான் அவருடைய மச்சினனைத் துரத்திப் பிடித்தது. முன்னால் போகும் வண்டியின் பின்னாலேயே அதே வேகத்தில் போய், தன் ஜீப்பின் மீட்டர் காட்டுவதைக் கேஸாக எழுதுவது இன்ஸ்பெக்டரின் வழக்கம். ஐம்பதுக்கு மேல் போகக் கூடாத சாலையில் மச்சினன் ஓட்டிய பேக்கரி வேன் அறுபதில் போனதாக எழுதிவிட்டார். லைசென்ஸ் போயிற்று, வேலை போயிற்று. இப்போது அக்கா வீட்டு சோபாவே அவனுக்குக் கதி.

“சத்தியமா ஐம்பதைத் தாண்டவே இல்ல மாமா” என்று அவன் அழுதான்.

“டேய், மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது. நான் காலம்பூரா மீட்டரோட குடும்பம் நடத்தறவன். எனக்கே பாடம் எடுக்கறியா?” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் மீட்டர்காரர். அன்றிலிருந்து அவருடைய சொந்தக் குடும்பம் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டது.

“எப்பலேருந்து சார் இப்படி?”

“போன வாரம் வரைக்கும் தங்கமா இருந்துச்சுய்யா. எவன் பின்னாடி போனாலும் அறுபதுன்னு பளிச்சுன்னு காட்டும். இப்ப யார் பின்னாடி போனாலும் ஐம்பதுலயே நொண்டுது. ஒரு கேஸ் கிடையாது. ‘என்னய்யா, தூங்கறியா’ன்னு மேல கேக்கறாங்க. சிறந்த அதிகாரின்னு எனக்கு ஷீல்டு குடுக்கப்போற நேரம் பாத்து இப்படி!”

“ஜனங்க திருந்தியிருப்பாங்களோ என்னவோ சார்.”

“ஊரே சொல்லி வச்ச மாதிரி ஒரே நாள்ல திருந்துமா? ஆகற வேலையைப் பாருய்யா!”

மீட்டர்காரர் உற்சாகமாக வேலையில் இறங்கினார். கோளாறு போன வாரம்தான் வந்தது என்று நிரூபித்துவிட்டால் போதும். அதற்கு முன் மீட்டர் சரியாக இருந்தது, மச்சினன் வேகமாகத்தான் போனான் என்று ஆகிவிடும். வீட்டில் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

டேஷ்போர்டைக் கழற்றினார். மீட்டர் கேபிளை உருவி விரலால் திருகிப் பார்த்தார். முறுக்கு விடவில்லை, எங்கும் அறுபடவில்லை. ஜீப்புக்கு அடியில் படுத்து, கேபிள் வந்து சேரும் பல்சக்கரத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு பல்கூடத் தேயவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, இன்ஸ்பெக்டரைக் கடையில் உட்காரவைத்தார். ஜீப் டிரைவரோடு ஒரு சுற்றுப் போனார். கையில் போன், அதன் திரையில் வண்டியின் உண்மையான வேகம்.

போனில் நாற்பது என்றால் முள்ளிலும் நாற்பது. போனில் ஐம்பது என்றால் முள்ளிலும் ஐம்பது. ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் கூடவே ஏறின, கூடவே இறங்கின.

மீட்டர்காரர் தலையைச் சொறிந்தார். “தம்பி, போன வாரம் வண்டிக்கு ஏதாவது வேலை பாத்தீங்களா?”

“ஒண்ணுமில்லண்ணே, டயர்தான் மாத்தினோம். முன்னாடி ஏதோ சின்ன கார் டயரை மாட்டிக்கிட்டுக் காலத்தை ஓட்டினோம். இப்பதான் இந்த ஜீப்புக்கு உள்ள சைஸ் வந்துச்சு.”

சக்கரம் சுற்றுவதை எண்ணித்தானே மீட்டர் வேகத்தைச் சொல்கிறது. அதே தூரத்துக்குச் சின்ன டயர் கூடுதலாகச் சுற்றும். அது கூடுதலாகச் சுற்றினால் முள் வேகத்தையும் கூட்டித்தான் காட்டும். ஐம்பதை அறுபதாகக் காட்டும். மச்சினன் அழுத முகம் கண்முன் வந்து நின்றது.

கடைக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டரை ஓரமாக அழைத்துப் போனார். இவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே, பக்குவமாக எடுத்துச் சொன்னால் மனசு இரங்கிவிடும்; பழைய கேஸ்களை எல்லாம் ரத்து செய்துவிடுவார்; மச்சினன் மறுபடி வேன் ஓட்டுவான். டாக்டர் நோயாளியின் வீட்டாரிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“சார், தப்பு இப்ப இல்ல. முன்னாடிதான். பழைய டயர் சின்னது, அதனால மீட்டர் இத்தனை நாளா வேகத்தைக் கூட்டிக் காட்டியிருக்கு. ஒழுங்கா ஐம்பதுல போனவங்களைத்தான் நீங்க பிடிச்சிருக்கீங்க. பாவம் சார், அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். தலை குனிந்தது. கைக்குட்டையை எடுத்து நெற்றியை மெல்லத் துடைத்துக்கொண்டார். பார்த்த மீட்டர்காரருக்கு நெஞ்சு இளகிவிட்டது.

“வருத்தப்படாதீங்க சார். தெரியாம நடந்தது. மீட்டர்தான் இப்ப நூத்துக்கு நூறு சரியா காட்டுதே, அப்புறம் என்ன?”

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அதைத்தான்யா ரிப்பேர் பண்ணச் சொல்றேன்!”