இருபதுக்கு ஒன்பது

"இருபதுக்கு ஒன்பதா?"

ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில், லிப்ட் கூண்டின் தலைமேல் நின்றபடி மெக்கானிக் கத்திய கத்தலில், மேலிருந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்த மூத்த மெக்கானிக் ஆடிப்போனார்.

"என்னப்பா ஆச்சு? ஷாக் அடிச்சிருச்சா?"

"அதைவிட மோசம். எம்பொண்ணுக்கு உலக வரலாறு கட்டுரையில ஒன்பது போட்டிருக்காங்க. இப்பதான் ஸ்கூல்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு."

"பாஸ்தானே?"

"பாஸா! போன மூணு கட்டுரைக்கும் பதினெட்டு, பத்தொன்பது, பத்தொன்பது. நாலாவதுக்கு ஒன்பதுன்னா என்ன அர்த்தம்?"

அப்புறம் அவருக்கு வேலை ஓடவில்லை. முடுக்கிய போல்ட்டையே திரும்ப முடுக்கினார். கையிலிருந்த ஸ்பானர் நழுவி ஏழு மாடி ஆழத்தில் போய் விழுந்தது.

"நீ கிளம்புப்பா," என்றார் மூத்தவர். "இந்த நிலைமையில உன்னை உள்ள வச்சுக்கிட்டா அடுத்து நீதான் விழுவே."

பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. மனைவியைப் போனில் பிடித்தார்.

"எழுதினவளே வாயைத் திறக்கலை. உங்களுக்கு ஏன் இந்த ஆத்திரம்?" என்றாள் அவள்.

"அவ கேக்க மாட்டா. அதான் நான் கேக்கப் போறேன். அது எப்பேர்ப்பட்ட கட்டுரை தெரியுமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லைன் சரியில்லை," என்று வைத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச். உட்கார்ந்தார். எழுந்தார். சுவரில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. 'வரலாற்று வகுப்பில் நான் எதிர்பார்ப்பவை.' ஆண்டுகள் மட்டும் போதாது, காரணம் வேண்டும். இருந்தது. ஒரு நாட்டின் பக்கம் மட்டும் நிற்கக் கூடாது. நிற்கவில்லை. எடுத்துக்காட்டு வேண்டும். அதுவும் இருந்தது. அவருக்குச் சூடு இன்னும் ஏறியது.

வரலாற்று ஆசிரியைக்கு முப்பது வயதுகூட இருக்காது. "உட்காருங்க சார்," என்றாள்.

"நின்னே பேசறேன் டீச்சர். எம்பொண்ணு கட்டுரையில என்ன குறை?"

"குறைன்னு இல்லை. கொஞ்சம் அவசரமா முடிச்சிருக்கா. காரணங்களை இன்னும்..."

"காரணமா? முதல் உலகப் போருக்கு அதைவிட என்ன காரணம் சொல்லணும்? இளவரசரைச் சுட்டதுல ஆரம்பிக்காம, நாப்பது வருஷம் பின்னால போய், யார் யாரோட கூட்டு சேர்ந்தாங்கன்னு சொல்லலையா? படைகளை ரயில்ல ஏத்தின கதை வரலையா? 'புறப்பட்ட படையைப் பாதி வழியில் நிறுத்த எந்த அரசரிடமும் பொத்தான் இல்லை.' இந்த ஒரு வரிக்கே பத்து மார்க் போடலாம் டீச்சர்!"

ஆசிரியை மேஜைமேல் இருந்த விடைத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி, நாலு பக்கத்தையும் நிதானமாகப் புரட்டினாள்.

"அந்த வரி இதுல இல்லையே சார்."

வெடுக்கென்று வாங்கிப் பார்த்தார். மகளின் குண்டு குண்டான கையெழுத்து. ஆனால் இளவரசரும் இல்லை, ரயிலும் இல்லை. 'போருக்கு யார் காரணம் என்று கேட்கிறார்கள். எல்லாரும் அடுத்தவரைக் கை காட்டியதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது' என்று தொடங்கி, தட்டுத் தடுமாறி, பாதியில் மூச்சு வாங்கி நின்றிருந்தது.

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"இந்த ஒன்பது அவளோடது," என்றாள் ஆசிரியை. "முன்னால வந்த மூணு மார்க்கும் அவளோடது இல்லைன்னு திங்கக்கிழமை அவளே வந்து சொல்லிட்டா. அடிச்சிடச் சொன்னா. அடிச்சிட்டேன். மூணையும் மறுபடி எழுதப் போறா."

மெக்கானிக் விடைத்தாளை மேஜைமேல் வைத்தார்.

"நான்தான் எழுதிக் குடுத்தேன்," என்றார் தரையைப் பார்த்து. "அவ வேணாம்னுதான் சொன்னா. முதல் தடவை அவளுக்குக் காய்ச்சல். பதினெட்டு வந்துச்சு. அப்புறம் என்னால விட முடியலை. மொட்டை மாடி மெஷின் ரூம்ல சாப்பாட்டு நேரத்துல உக்காந்து படிச்சு... நான் பத்தாவதோட நின்னவன் டீச்சர். தப்பு என்னோடது. பிள்ளை பேரைக் கெடுத்துடாதீங்க."

"அவ பேருக்கு ஒண்ணும் ஆகலை."

"என்மேல ரொம்பக் கோவமா இருந்தாளா?"

ஆசிரியை மேஜை இழுப்பறையைத் திறந்து, இன்னொரு கட்டுத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பென்சில் எழுத்து. ஓரமெல்லாம் கிரீஸ் விரல் தடம். அவர் மகளுக்கு எழுதிக் கொடுத்த அதே நாலாவது கட்டுரை.

"இதையும் அவதான் கொண்டுவந்து குடுத்தா சார். 'இதையும் திருத்திக் குடுங்க டீச்சர். பத்தாவதோட நின்னவர்னு இரக்கப்பட்டுப் போடாதீங்க, எங்க எல்லாருக்கும் போடற மாதிரியே போடுங்க'ன்னு சொன்னா."

பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் திருத்தம். எழுத்துப் பிழைக்கு இரண்டு, முடிவுரை இல்லாததற்கு ஒன்று குறைத்து, பதினேழு.

'மாணவர் பெயர்' என்ற இடத்தில், மகளின் குண்டு எழுத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: 'என் அப்பா.'